ஆற்றல் வானினின்று இறங்குவதன்று!

காரைக்கால் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு காட்சியை மீண்டும் காண்கின்றோம். ஆறேழு அகவைச் சிறுவர்கள் தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை வானோக்கி நீட்டி, நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுழல்கின்றனர். பெற்றோர் யாரோ கைப்பேசியிற் காட்டிய பழைய தொலைக்காட்சித் தொடரொன்றே இதற்குக் கரணியம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே சுழற்சியைப் பள்ளித் திடலிற் கண்டவர்களாகிய நமக்கு, இக்காட்சி நகைப்பைத் தரவில்லை, நடுக்கத்தையே தருகின்றது.

யாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. 1999ஆம் ஆண்டின் ஒரு திங்கட்கிழமை. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், மீனவக் குடியிற் பிறந்தவன், இடைவேளையில் மதிலின்மேல் ஏறி நின்று, கைகளை விரித்துக் குதித்துவிட்டான். இடக்கை முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபொழுது, "ஏன் தம்பி குதித்தாய்?" என்று கேட்டோம். "கீழே விழுமுன் அவர் வந்து பிடித்துக்கொள்வார் என்று இருந்தேன், ஐயா" என்றான். "அவர் யார்?" என்றதற்குத் தொடரின் பெயரைச் சொன்னான். அவன் வலியை மறக்கட்டும் என்று விளையாட்டாக, "அவர் வடக்கே எங்கோ இருப்பவராயிற்றே! நீ கூப்பிட்டால் அவருக்கு விளங்குமா?" என்று கேட்டோம். அச்சிறுவன் எம்மை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னான்: "அதனால்தான் ஐயா, இந்தியிலேயே கூப்பிட்டேன்."

முறிந்த எலும்பு ஆறு கிழமைகளிற் கூடிற்று. அவன் சொன்ன விடை எம் நெஞ்சில் உண்டாக்கிய முறிவு இன்றளவும் கூடவில்லை. தாயின் மடியில் தமிழ் கேட்டு, தாத்தனின் தோணியில் தமிழ் கேட்டு, கடலும் காற்றும் மீனும் வலையும் தமிழிலேயே அறிந்த ஒரு பிள்ளை, தன் உயிருக்கு இடர் வந்த நொடியில் தான் அறியாத மொழியில் கூவினான். காப்பாற்றும் ஆற்றல் உடையவர்கள் அந்த மொழியைத்தான் பேசுவர் என்று அவனுக்கு யார் கற்பித்தனர்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இத்திங்கள் நம் கடமை.

அத்தொடர் 'சக்திமான்' என்பது. 1997 செப்டம்பரில் தூர்தர்சனின் நாடளாவிய அலைவரிசையில் தொடங்கி 2005 மார்ச்சில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் என்றால் அத்தொடர் என்னும் அளவிற்குச் சிறுவர் உலகைப் பற்றிக்கொண்டது. முகேசு கன்னா என்னும் நடிகர் அதில் இரட்டை வேடம் பூண்டார். ஒருவேடம், முன்பல் துருத்திய, தடித்த கண்ணாடி அணிந்த, மூச்சுவிடாமற் சொல்லவேண்டிய நீண்ட வடமொழிப் பெயர் கொண்ட ஒரு பண்டிதன். செய்தித்தாள் ஒன்றில் படம் பிடிப்பவன். மற்றொன்று, செவ்வாடையும் மார்பிற் பொன்னிறச் சின்னமும் பூண்டு சுழன்று வரும் மீயாற்றல் மறவன். கற்றவன் என்றால் நகைப்புக்குரியவன், பறப்பவனே வணக்கத்திற்குரியவன் என்னும் பாடம் இதனுள்ளேயே இருந்தது. பண்டிதர் வகுப்பைச் சார்ந்த எமக்கு அது சற்றே உறைத்ததென்று ஒப்புக்கொள்வதில் தாழ்வில்லை!

அவன் ஆற்றல் எவ்வாறு வந்தது? முனிவர் எழுவர் அவனைத் தேர்ந்தெடுத்து, ஓகப் பயிற்சி அளித்து, ஐம்பூதங்களின் வலிமையையும் அவனுள் ஏற்றினராம். பிறர் எவரும் அதனைப் பெறவியலாது. பெற்றவனை அண்ணாந்து பார்க்கவே இயலும். ஊரில் தீ பற்றினாலும், தேர் சாய்ந்தாலும், தீயோன் பிள்ளையைத் தூக்கிச் சென்றாலும், ஊரார் செய்வதற்கு ஒன்றே உண்டு: அவன் பெயரைக் கூவுதல்.

இதன் விளைவு என்ன? பல மாநிலங்களிலும் சிறுவர்கள் மாடியினின்று குதித்தனர் என்றும், சிலர் தம்மேல் தீயிட்டுக்கொண்டு அவன் வரவை எதிர்நோக்கினர் என்றும் அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. அச்செய்திகளுட் பல பொய் என்று தொடரை ஆக்கியோர் மறுத்தனர். எது எவ்வாறாயினும், தாம் செய்பவற்றை வீட்டிற் செய்து பார்க்கவேண்டா என்று மறவன் வேடத்திலேயே அந்நடிகர் திரையில் தோன்றிப் பிள்ளைகளுக்கு அறிவுறுத்தினார். நோய் இல்லாத ஊரில் மருந்து விற்பாரில்லை. நயன்மை கருதி மற்றொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் தூய்மை, உண்மை, பெரியோர் பேணல் முதலிய சிறு அறவுரைகள் கூறப்பட்டன. அவை நல்லனவே. அறத்தை முடிவில் இரண்டு மணித்துளி சொல்லி, அரைமணி நேரம் வியப்பை ஊட்டினால், பிள்ளையின் உள்ளத்தில் எது தங்கும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

பிள்ளைகளை மட்டும் பழிப்பது முறையாகாது. வளர்ந்தோர் காட்டிய வழியில்தான் அவர்கள் நடந்தனர்.

1987 சனவரி 25 அன்று இராமானந்த சாகரின் 'இராமாயணம்' தொடர் அதே தூர்தர்சனில் தொடங்கிற்று. 1988 சூலை 31 வரை 78 பகுதிகளாக ஞாயிறுதோறும் காலையில் வந்தது. வடநாட்டு ஊர்களில் மக்கள் நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு, நறும்புகை காட்டி, காலணியைக் கழற்றிவிட்டு அமர்ந்து பார்த்தனர். தெருக்கள் வெறிச்சோடின. நடித்தவர்கள் சென்றவிடமெல்லாம் மக்கள் காலில் விழுந்தனர். விழுந்த கைகளே பின்னர் வாக்குச்சீட்டில் முத்திரையும் இட்டன. சீதையாக நடித்த தீபிகா சிக்லியா 1991இல் வதோதராவிலிருந்தும், இராவணனாக நடித்த அரவிந்து திரிவேதி அதே தேர்தலில் சபர்காந்தாவிலிருந்தும் மக்களவைக்குச் சென்றனர். 'மகாபாரதம்' தொடரில் கண்ணனாக வந்த நிதீசு பரத்துவாசு 1996இல் சாம்செட்பூரில் வென்றார். இராமனாக நடித்த அருண் கோவில், தொடர் முடிந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 2024இல் மீரட்டுத் தொகுதியில் வெற்றிபெற்றார். இவர் அனைவரும் ஒரே கட்சியின் வேட்பாளர்கள் என்பது எண்ணத்தக்கது. திரையிற் கண்ட ஆற்றல் மெய்யாற்றல் என்று மயங்கியவர்கள் பிள்ளைகளா, பெற்றோர்களா?

வடவரைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்குண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை. திரைப்பட நடிகரின் உருவப் பலகைக்குப் பாலூற்றும் கை தமிழன் கை. நடிகர் நோயுற்றார் என்பதற்காகத் தன்மேல் தீ வைத்துக்கொண்டவனும் தமிழனே. திரையில் நூறு பேரை ஒருவராக வீழ்த்தியவரிடம் 1977இல் ஆட்சியையே ஒப்படைத்தோம். அவர் ஆட்சியில் நல்லன நடந்தனவா, தீயன நடந்தனவா என்பது வேறு. நாம் அவரை எதற்காகத் தேர்ந்தோம் என்பதே வினா. கொள்கையைக் கண்டு தேர்ந்தவர் சிலர்; வாட்சுழற்சியைக் கண்டு தேர்ந்தவர் பலர். எனவே, மதில்மேல் ஏறிய அச்சிறுவன் தனியன் அல்லன். ஓர் இனமே மதிலின்மேல் ஏறி நிற்கின்றது.

ஆயினும், இவ் இராமாயணத் தொடரின் வரலாற்றிலிருந்தே நாம் கற்கத்தக்க ஒன்றும் உண்டு. 1988இல் தொடர், இராமன் முடிசூடலோடு முடியவிருந்தபொழுது, பஞ்சாபின் சலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வான்மீகியைத் தம் குலமுதல்வராகப் போற்றும் மக்கள் அவர்கள். வான்மீகியின் குடிலில் நிகழும் பிற்பகுதி காட்டப்படாமல் தொடர் முடியக்கூடாது என்பது அவர்தம் வேண்டுகோள். நிறுத்தம் வேறு நகரங்களுக்கும் பரவிற்று. நடுவணரசு இறங்கி வந்தது. பிற்பகுதியும் எடுத்து ஒளிபரப்பப்பட்டது. அவர்கள் கேட்டது சரியா என்பதில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். குப்பை வாரும் எளிய மக்கள் ஒன்றுகூடி, "எங்கள் முன்னோன் திரையில் வரவேண்டும்" என்று கேட்டனர், பெற்றனர். நாற்பதாண்டுகளாக இந்தியைத் திணிக்கின்றது தொலைக்காட்சி என்று எழுதிவரும் நாம், எம் பிள்ளைகளுக்கு எம் மொழியில் இன்னது வேண்டும் என்று ஒருநாளேனும் ஒன்றுகூடிக் கேட்டதுண்டா?

மீயாற்றல் கதைகளே தீயவை என்பார் சிலர். யாம் அவ்வாறு கருதவில்லை. வலிவற்றவன் வலிவுடைய ஒருவனைக் கனவு காண்பது மாந்த இயல்பு. 1938இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சூப்பர்மேன்' என்னும் படக்கதையை ஆக்கியோர் சீகல், சூசுட்டர் என்னும் இளைஞர் இருவர். கிளீவ்லாந்து நகரில் வாழ்ந்த யூதக் குடியேறிகளின் மக்கள். செருமனியில் தம் இனத்தார் வேட்டையாடப்பட்ட காலத்தில், வேற்றுலகினின்று வந்து குடியேறி எளியோரைக் காக்கும் ஒருவனை அவர்கள் படைத்தனர். தம் இனத்தின் புண்ணையே அவர்கள் மருந்தாக்கினர். அக்கதை பின்னர் அந்நாட்டு வானொலியில் நாடகத் தொடராக வந்தபொழுது, 1946இல் பதினாறு பகுதிகள் நிறவெறிக் கூட்டமாகிய கூ கிளக்சு கிளானைத் தோலுரிப்பதற்காகவே எழுதப்பட்டன. சீனக் குடும்பம் ஒன்றைத் துன்புறுத்தும் முகமூடிக் கூட்டத்தை அம்மறவன் எதிர்க்கின்றான். சிறுவர்கள் மாலைதோறும் கேட்ட அந்நாடகம், வெறுப்பைத் தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தை நகைப்புக்குரியதாக்கிற்று. எனவே, கருவியின்மேற் குற்றமில்லை. அதனை எடுத்தாள்பவன் யார், எம்மொழியில், எவர் நலத்திற்காக எடுத்தாள்கிறான் என்பதே அறியத்தக்கது.

இனி, 'சக்திமான்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதனைத் தமிழில் ஆற்றலன் எனலாம். ஆற்றல் என்னும் சொல்லைப்போல் ஆழமுடைய சொல் ஒன்றை வடமொழியிற் காட்டுதல் அரிது. ஆற்றுதல் என்பதற்குச் செய்தல் என்பது ஒரு பொருள். கடமையாற்றுதல், தொண்டாற்றுதல் என்கிறோம். பொறுத்தல் என்பது மற்றொரு பொருள். பொறுக்கவியலாமையையே ஆற்றாமை என்கிறோம். தணித்தல் என்பது மூன்றாம் பொருள். பசியாற்றினான், துயராற்றினான், பாலை ஆற்றினாள் என்கிறோம். செய்யவும், பொறுக்கவும், பிறர் துயரைத் தணிக்கவும் வல்ல தன்மையே தமிழன் கண்ட ஆற்றல். இம்மூன்றனுள் பறத்தல் இல்லை, சுழலுதல் இல்லை, சுவரை இடித்தல் இல்லை. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில், தம் பசியைப் பொறுக்கும் நோன்பாளரின் ஆற்றலைக் காட்டிலும், பிறர் பசியை மாற்றுவாரின் ஆற்றலே மேலானது என்று தெளிவுறுத்தினார். மீயாற்றலுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் உலகில் எங்கும் வகுக்கப்பட்டதாக யாம் அறியோம்.

'மான்' என்னும் ஈற்றைக் கொண்டு ஒரு பெயர் வேண்டுமென்றால் தமிழில் அதற்கும் குறைவில்லை. பெருமகன் பெருமான் ஆனான்; கோமகன் கோமான் ஆனான்; அதியமகன் அதியமான் ஆனான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரில் இம் மான் இருமுறை வருகின்றது. அவனுக்கும் ஒரு மீயாற்றல் வாய்ப்பாக வந்தது. உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனி அவன் கைக்குக் கிட்டிற்று. அவன் அதனை உண்டு நெடுங்காலம் அரியணையில் வீற்றிருந்திருக்கலாம். ஒளவைக்கு ஈந்துவிட்டான். ஈந்தபின்பே கனியின் இயல்பு அவருக்குத் தெரிந்தது. ஒளவையார் அதனைப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. கைக்கு வந்த ஆற்றலைத் தமிழுக்குக் கொடுத்தவன் என்பதனாலேயே ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவன் பெயர் வாழ்கின்றது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் வடவன் படைத்த மானை அறிவர்? எத்தனை பேர் அதியமானை அறிவர்?

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. காரைக்காலின் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாடிகளின்மேல் நின்று மாங்கனிகளை வாரி இறைக்கின்றோமே, அந்த அம்மையாரின் வரலாறுதான். சேக்கிழார் பெரியபுராணத்திற் சொன்னவாறு, புனிதவதியாரின் கையில் மாங்கனி ஒன்று வியத்தகு முறையில் வந்தது. அதனைக் கண்ட கணவன் என்ன செய்தான்? அஞ்சினான், இவள் தெய்வம் என்று எண்ணினான், கடல் வாணிகத்திற்குச் செல்வதாகச் சொல்லிப் பிரிந்து, பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்மகவிற்கு அம்மையாரின் பெயரையே இட்டான். பின்னர் அம்மையார் அங்குச் சென்றபொழுது மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுந்தான். ஊரார் வியந்தனர். வணங்கியவன் வாழ்க்கைத் துணையாக நிற்கவில்லை என்பதை ஊன்றி எண்ணுக. மீயாற்றலைக் கண்டு காலில் விழுதல் என்பது, அவ்வாற்றல் உடையாரைக் கைவிடுதலின் மறுபெயர் என்று அவ்வரலாறு நமக்குச் சொல்கின்றது.

அம்மையார் அவ்வணக்கத்தையும் வேண்டவில்லை, அழகையும் வேண்டவில்லை. தம் அழகிய உடலை உதறிப் பேயுருவை ஏற்றார். அவர் தலையாலே நடந்தார் என்னும் செய்தியை நம்புவாரும் நம்பட்டும், மறுப்பாரும் மறுக்கட்டும். இருவரும் மறுக்கவியலாத ஆற்றல் ஒன்று உண்டு. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்கள்; திருவிரட்டை மணிமாலை 20 பாடல்கள்; மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. தேவார மூவர்க்கு முன்னரே பதிக யாப்பைத் தொடங்கி வைத்தவர் அப்பெருமாட்டியே. காரைக்காலின் உண்மையான மீயாற்றல் அத்தமிழ். மாங்கனியைப் பிடிக்கக் கூட்டத்தில் முண்டும் நம் பிள்ளைகளுக்கு அவ்வெண்பாக்களுள் ஒன்றேனும் மனப்பாடமாக உண்டா?

மொழித் திணிப்பின் பங்கையும் மறத்தலாகாது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலம் நீங்கலாக, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் கொடி இங்குப் பறந்தது. அவர் மொழி நீதிமன்றத்தில் இருந்தது, ஆவணத்தில் இருந்தது, தெருப்பெயரில் இருந்தது. ஆயினும் அரசலாற்றங்கரையில் விழுந்த பிள்ளை எதுவும் பிரெஞ்சு மொழியில் "காப்பாற்று" என்று கூவியதில்லை. இருநூறு ஆண்டுக் கொடியால் இயலாததை இந்தித் தொலைக்காட்சி ஈராண்டில் இயற்றிற்று. 1982 ஆகத்து 15 தொட்டுத் தில்லியிலிருந்து நாடளாவிய நிகழ்ச்சிகள் எல்லா வீடுகளுக்கும் ஒரே மொழியில் வந்து இறங்கின. சட்டத்தைக் காட்டி இந்தியைத் திணித்தபொழுது 1938இலும் 1965இலும் தமிழன் எழுந்தான். கதையைக் காட்டி ஊட்டியபொழுது அவன் பிள்ளையையும் மடியில் இருத்திக்கொண்டு பார்த்தான்.

அவ்வூட்டல் நிற்கவில்லை. 2020இல் பெருந்தொற்றால் நாடே கதவடைத்திருந்தபொழுது, தூர்தர்சன் அப்பழைய தொடர்களையே மீண்டும் எடுத்து வழங்கிற்று. ஏப்பிரல் 16 அன்று மட்டும் 'இராமாயணம்' தொடரை 7.7 கோடிப் பேர் பார்த்தனர் என்று அறிவித்து மகிழ்ந்தது. 2023இல் வானொலியை 'ஆகாசவாணி' என்றே எல்லா மொழிகளிலும் வழங்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. 2024 அக்தோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்திலேயே இந்தித் திங்கள் விழா நடந்தது. நம் காரைக்காலில் 2023-24ஆம் கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகள் நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின. பெரிய நிலப்பரப்பின் நடுவே சிறு திட்டாகக் கிடக்கும் நம்மூர், தில்லியின் நேராட்சிக்கு உட்பட்டிருப்பதனால், நாம் இருமடங்கு விழிப்போடு இருத்தல் வேண்டும்.

எல்லாப் பழியையும் தில்லியின்மேற் போட்டுவிட்டுக் கைகழுவுதல் ஆண்மையாகாது. தமிழ்த் தனியார் தொலைக்காட்சிகள் 1993 தொட்டு வந்துவிட்டன. அவை பிள்ளைகளுக்கு என்ன தந்தன? மீயாற்றல் கதையொன்றைத் தமிழில் எடுத்தபொழுதும் அதற்கு 'மை டியர் பூதம்' என்று பெயரிட்டனர். மூன்று சொற்களுள் இரண்டு ஆங்கிலம், எஞ்சியது பேய்! அலைவரிசையின் பெயரும் ஆங்கிலம். அறிவிப்பாளர் நாவில் வருவதும் பாதி ஆங்கிலம். இந்தியில் கூவிய பிள்ளையின் தம்பி இன்று ஆங்கிலத்தில் கூவுகின்றான், அவ்வளவே வேறுபாடு.

நம் இயக்கத்தார் செய்ததும் என்ன? பாவலரேறு பெருஞ்சித்திரனார் 'தென்மொழி' கண்டதோடு அமையாமல், பிள்ளைகளுக்கென்றே 'தமிழ்ச்சிட்டு' இதழை நடத்தினார். நம் புதுச்சேரி மண்ணின் பாவேந்தர் இளைஞர்க்கென்றே தனி இலக்கியம் படைத்தார். அவர்கள் கடிந்ததற்கு நிகராகக் கொடுத்தார்கள். பின்வந்த நாமோ கடிதலை மட்டும் பின்பற்றினோம்; கொடுத்தலை மறந்தோம். பிள்ளையின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் வேறொன்றை வைக்கவேண்டும் என்பதைத் தாய்மார் அறிவர், கொள்கையாளர் அறியவில்லை. வெறுங்கையோடு விடப்பட்ட பிள்ளைதான் மதிலின்மேல் ஏறிற்று. அப்பிள்ளையின் ஆசிரியனாகிய யாம் முதற்குற்றவாளி. சொல்லிலக்கணம் நடத்தினோம், அதியமானை நடத்தினோம், ஆயின், தேர்வுக்கு வரும் வினாவாகத்தான் நடத்தினோம். நெஞ்சில் நிற்கும் கதையாக நடத்தவில்லை.

அச்சிறுவனைப்பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும்.

2004 திசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. காலையில் ஆழிப்பேரலை எழுந்து நம் கரையை விழுங்கிற்று. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை என்று ஊர் ஊராக அழுகுரல். காரைக்கால் வட்டாரத்தில் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அவர்களுட் பிள்ளைகள் எத்துணையர்! தொடர் அப்பொழுதும் முடிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சு வரை அது ஓடிற்று. அன்று வானினின்று எவனும் வரவில்லை. செவ்வாடையும் வரவில்லை, பொற்சின்னமும் வரவில்லை.

வந்தவர்கள் யாவர்? தம் வீடு போனதைப் பாராமல் அண்டை வீட்டுக் கிழவியைத் தோளிற் சுமந்த மீனவர்; கயிற்றை இடுப்பிற் கட்டிக்கொண்டு நீரில் இறங்கிய இளைஞர்; உள்ளூர்களிலிருந்து சோற்று மூட்டைகளோடு வண்டி கட்டி வந்த உழவர். அண்டையூராகிய நாகூரில், மாண்டவர் எச்சமயத்தார் என்று கேளாமல் புதைக்க இடந்தந்தனர் பள்ளிவாசலைச் சார்ந்த இசுலாமியப் பெருமக்கள். நாங்கள் பள்ளிக் கூடத்தைத் திறந்துவிட்டு உலை வைத்தோம். மூன்று நாள் அவ்வுலை அணையவில்லை. அங்கே, பதினாறு அகவை இளைஞன் ஒருவன் இரவும் பகலும் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகச் சென்று ஊற்றினான். அவன் இடக்கை முழங்கையில் சற்றே வளைந்திருந்தது. அவன் சிற்றப்பன் குடும்பத்தில் இருவர் மாண்டிருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். "சற்று உறங்கு, தம்பி" என்றோம். "இன்னும் அந்தப் பக்கத்துக்குப் போகலை, ஐயா" என்று சொல்லிச் சென்றான். அவ்வளவே பேச்சு. அது தமிழ்.

செய்தான், பொறுத்தான், பிறர் பசியைத் தணித்தான். ஆற்றல் என்னும் சொல்லின் மூன்று பொருளையும் வகுப்பறையில் யாம் அவனுக்கு நடத்தியதில்லை. அவன் எமக்கு நடத்திக் காட்டினான்.

எனவே, தமிழ் நெஞ்சங்களே! நாம் செய்யவேண்டுவன இவை. பிள்ளைகளைத் திரையிலிருந்து அடித்து விரட்டாதீர்கள். உடன் அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இவன் ஆற்றல் எவரால் வந்தது? அதனை எவருக்காகச் செலவிட்டான்? இவன் வராதிருந்தால் அவ்வூர் மக்கள் தாமே என்ன செய்திருக்கலாம்? மூன்றாம் வினாவில்தான் பகுத்தறிவு பிறக்கும். கிழமைக்கு ஒருநாள் மாலையில் தெருப்பிள்ளைகளைக் கூட்டி அதியமானையும், பாரியையும், அம்மையாரையும், ஆழிப்பேரலையிற் பிறரைக் காத்த நம்மூர் மக்களையும் கதையாகச் சொல்லுங்கள். பாட்டிமார் இதற்கு மிகவும் தகுந்தவர்கள். நாடகமாக எழுத வல்லார் எழுதுங்கள். பொங்கல் விழாவில் பிள்ளைகளே நடிக்கட்டும். காரைக்கால் வானொலி நிலையத்திற்கு ஒருவர் எழுதினால் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஆயிரம் பெற்றோர் எழுதினால் மேலிடத்திற்குப் போகும். நல்ல தமிழில் சிறுவர் நாடகம் கிழமைதோறும் வேண்டும் என்று கேளுங்கள். சலந்தரின் துப்புரவுத் தொழிலாளர்க்கு இருந்த துணிவு தமிழாசிரியர்க்கும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இல்லாது போகலாமா? இவ்விதழும் தன் பங்காக, வருந்திங்கள் தொட்டு இரண்டு பக்கங்களைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கும். கதைகளை விடுத்துதவுங்கள், வசைகளை அல்ல.

இடர் வரும் நொடியில் ஒரு பிள்ளை எந்த மொழியிற் கூவுகின்றதோ, அந்த மொழியையே அது ஆற்றலுடைய மொழி என்று நம்புகின்றது. நம் பிள்ளைகள் தமிழிற் கூவவேண்டும். கூவிய குரலுக்கு ஓடிவரும் கால்கள் அவர்கள் தெருவிலேயே இருக்கவேண்டும். அக்கால்கள் நம்முடையனவாக இருக்கவேண்டும்.